அழுக்குப் பக்கத்துப் பெண்கள்

காலை ஆறு மணிக்கெல்லாம் முதல் லாரி பின்வாசலில் முதுகைக் காட்டி நின்றுவிடும். சிங்கப்பூர் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போய் தொழிற்பேட்டையில், மற்ற ஆலைகள் அப்போது கண்விழித்திருக்காது. லாரிக்குள் மூன்று ஆஸ்பத்திரிகளின் நேற்றைய அழுக்கு இருக்கும். கட்டில் விரிப்பு, ஆபரேஷன் அங்கி, பிள்ளை பெற்றவள் கட்டியிருந்த கைலி, செத்தவரை மூடியிருந்த போர்வை. படுத்திருப்பவருக்கு வெள்ளை வெளேரென்று விரிப்பு வேண்டுமென்றால் இதையெல்லாம் யாராவது கையால் பிரித்துத்தான் ஆகவேண்டும். அப்படிப் பிரிக்கிறவர்கள் பதினான்கு பெண்கள்.

கஸ்தூரி மூட்டையின் கழுத்தை அவிழ்த்தாள். உள்ளே அடைபட்டுக் கிடந்த சூடு முகத்தில் அடித்தது. ரத்தம் காய்ந்தால் ஒரு வாடை, காயாவிட்டால் வேறு வாடை. ஒன்பது வருஷமாகிறது, கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வார்டு மூட்டை என்று சொல்லிவிடுவாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கழுத்திலிருந்து கணுக்கால்வரை நீல அங்கி, அதன்மேல் பிளாஸ்டிக் ஏப்ரன், முழங்கைவரை ரப்பர் கையுறை, காலில் வெள்ளை பூட்ஸ். இத்தனைக்கும் உள்ளே உடம்பு வெந்துகொண்டிருக்கும். விரிப்பை உதறக்கூடாது, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி இருக்கும். கத்தரிக்கோல் இருக்கும். ஒருதடவை யாரோ ஒரு தாத்தாவின் பல்செட்டு சிரித்துக்கொண்டு கிடந்தது. பார்த்த பிறகு பச்சைத் துணி ஒரு தொட்டி, வெள்ளை ஒரு தொட்டி, ரத்தம் பட்டது ஒரு தொட்டி, மலம் பட்டது இன்னொரு தொட்டி.

"ஊசி இருந்தா பொம்பளைங்க கைக்குத்தான் தட்டுப்படும். ஆம்பளைங்களுக்கு மொரட்டுக் கை," என்று முதலாளி காளியப்பன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அதனால் அழுக்குப் பக்கத்தில் ஆம்பிளையே கிடையாது. ஊசிக்குத்து வாங்குகிற உரிமையை முழுசாகப் பெண்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்ட மனுஷர் அவர்.

அழுக்குப் பக்கம் என்று நான் சும்மா சொல்லவில்லை, ஆலையில் அதற்குப் பெயரே அதுதான். கட்டடத்துக்கு நடுவில் ஒரு சுவர். சலவை யந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். இந்தப் பக்கம் வாய், அந்தப் பக்கம் வாய். இங்கே அழுக்கைத் தள்ளினால் அங்கே சுத்தமாக வெளியே வரும். அந்தப் பக்கம் இஸ்திரி, மடிப்பு, ஆபீஸ், கேண்டீன். கழிப்பறையும் அந்தப் பக்கம்தான். சுவரைக் கடக்க நடுவில் ஒரு உடை மாற்றும் அறை உண்டு. அங்கே ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கும், படம் போட்டு, ஒன்று முதல் ஒன்பதுவரை. கையுறையைக் கழற்று, ஏப்ரனைக் கழற்று, கையைக் கழுவு, அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டு, பூட்ஸைக் கழற்று, மருந்துத் தண்ணீரில் காலை நனை, மறுபடியும் கையைக் கழுவு என்று போகும். கிருமி சுவரைத் தாண்டக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதே சுவரில் ஒரு ஆணி. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. எல்லோரும் அதை டேக் என்பார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் அதை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பதினான்கு பேருக்கு ஒரே டேக். போனால் ஐந்து நிமிடம். தாண்டினால் சூப்பர்வைசர் லோகேஸ்வரன் வெள்ளைப் பலகையில் பெயரை எழுதி எத்தனை நிமிடம் என்றும் போடுவான். போஸ்டரில் ஒன்பது படி, டேக்குக்கு ஐந்து நிமிடம். இரண்டையும் தொங்கவிட்டது ஒரே கம்பெனி. சுத்தப் பக்கத்து ஆம்பிளைகள் நினைத்தபோது வெளியே போய் ஒரு ரோக்கோ புகைத்துவிட்டு வருவார்கள். அவர்கள் கழுத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது.

பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரே குடிக்கமாட்டார்கள். காலையில் பால் இல்லாத தே ஓ ஒரு வாய், அதோடு சரி. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி என்று சொல்லுவோமே, இவர்கள் அதற்கும் கீழே கட்டினார்கள். தாங்க முடியாமல் போகிறவள் படிகளில் பாதியைத் தாண்டிக் குதிப்பாள். ரத்தம் தெறித்த அங்கியோடு கழிப்பறைக்குள் ஓடி ஓடிவருவாள். லோகேஸ்வரன் அதைப் பார்க்காதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அப்புறம் சண்டை. டேக் யாரிடம், எவ்வளவு நேரமாக என்று பெண்களுக்குள் தினம் ஒரு சண்டை. அதில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது பேச்சியம்மாள். ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி, மணிக்கு ஒருதடவை போயே ஆகவேண்டும். "அந்த டேக்கை நீ வாடகைக்கா எடுத்திருக்க?" என்று கஸ்தூரியே ஒருநாள் கேட்டிருக்கிறாள். "ஆமாண்டி, அட்வான்சும் குடுத்திருக்கேன்," என்று பேச்சியம்மாள் திருப்பிக் கொடுத்தாள். அவள் வாய் அப்படி.

திங்கட்கிழமை நடந்தது இதுதான்.

பத்தரை மணிக்குக் கஸ்தூரிக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஆணியில் டேக் இல்லை. பேச்சியம்மாள் போயிருந்தாள். அவள் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று கஸ்தூரி கையுறையைக் கழற்றப் போன நேரத்தில் இரண்டாவது லாரி வந்துவிட்டது.

"அக்கா, இந்த ஒரு லாரி. ஆபரேஷன் தியேட்டர் துணி, அவசரம். இதை முடிச்சிட்டுப் போங்கக்கா," என்றான் லோகேஸ்வரன். கெட்டவன் இல்லை, அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா அக்கா என்றே பதினொன்றரைவரை நிற்கவைத்தான். அதற்குள் பேச்சியம்மாள் திரும்பி வந்து, மறுபடியும் டேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நனைந்த மூட்டை ஒன்று, முப்பது கிலோவாவது இருக்கும். கஸ்தூரி குனிந்து அதைத் தூக்கினாள். நாற்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. அது அவளைக் கேட்கவில்லை. சூடாகத் தொடையில் இறங்கி, பூட்ஸுக்குள் நிறைந்து, தரைக்கு வழிந்தது. அவள் மூட்டையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்த இந்தோனேசியக்காரி யாத்தி ஓடிவந்து மூட்டையை வாங்கி வைத்தாள். ஒரு பச்சைத் துணியை எடுத்துக் கஸ்தூரியின் இடுப்பில் சுற்றினாள்.

இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் எது சிந்தினாலும், துணி விழுந்தாலும், சூப்பர்வைசர் உடனே படம் எடுத்து ஆளின் பெயரோடு கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். முதலாளியின் கட்டளை. லோகேஸ்வரன் போனை எடுத்தான். கை பழகிப்போன வேலை, யோசிக்கவேயில்லை. ஈரத்தரை, வெள்ளை பூட்ஸ், கீழே மலாயில் ஒரு வரி: சோர்ட்டிங் பகுதி, கஸ்தூரி, தயவுசெய்து சுத்தம் பேணவும். குரூப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர். லாரி டிரைவர்கள், இஸ்திரிக்காரர்கள், ஆபீஸ் பெண்கள். கஸ்தூரி தரையைத் துடைத்து முடிப்பதற்குள் ஒன்பது சிரிப்பு முகங்கள் வந்துவிட்டன.

"என்னாக்கா இப்படி?" என்று கேட்டான் லோகேஸ்வரன்.

அந்த நேரத்தில் அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. யார்மேலாவது தூக்கிப் போட்டால் போதும் என்றிருந்தது. "நான் என்னா செய்ய? டேக்கை அவதான் வெச்சுக்கிட்டே அலையிறா, அந்தப் பேச்சி," என்று சொல்லிவிட்டாள். லோகேஸ்வரன் தலையாட்டினான். பிறகு அதையும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மூர்த்தி வீட்டுக்கு வந்தபோது அவன் முகமே சரியில்லை. கஸ்தூரியின் கணவன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போகிறவன், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். லாரி ஓட்டுகிற அவன் கூட்டாளி ஒருத்தன் படத்தை அவனுக்கும் அனுப்பியிருந்தான்.

"மானம் போச்சுலா கஸ்தூரி. நாளைக்கு அந்த டிரைவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

கஸ்தூரி ரசத்தை அவன் தட்டில் ஊற்றிவிட்டு நின்றாள். காலையிலிருந்து அழாதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "போனது எம்மானம் இல்லீங்க. ஒருத்தி ஒண்ணுக்குப் போக இன்னொருத்தன்கிட்ட கையேந்தி நிக்கணும்னு சட்டம் போட்டானே, அவனுக்கு மானம் இருந்தா அது போயிருக்கணும். அதைப் பார்த்துச் சிரிச்சவனுக்குப் போயிருக்கணும். உங்க கூட்டாளிக்குச் சொல்லுங்க."

மூர்த்தி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

புதன்கிழமை காலை காளியப்பன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஏசி அறை. மேசையில் கோயில் திருவிழா நோட்டீஸ் அடுக்கு, சுவரில் அவர் தலைவராக இருக்கிற சங்கங்களின் படங்கள்.

"உக்காரும்மா. டீ குடிக்கிறியா?"

"வேணாம் பாஸ்."

"பயப்படாதே. என்னை முதலாளியா பார்க்காதே, அண்ணனாப் பாரு. எங்கம்மா செடெனாக் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டித்தான் என்னை ஆளாக்குனாங்க. பொம்பளைங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? உம்மேல தப்பு இல்லேன்னு லோகேஸ் ரிப்போர்ட்டுலயே எழுதியிருக்கான். எல்லாம் அந்தக் கெழவியால வந்தது." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. படத்தையும் அழிச்சிடச் சொல்றேன், விஷயம் இதோட முடிஞ்சுது."

கஸ்தூரி படித்தாள். பேச்சியம்மாள் வேலை நேரத்தில் டேக்கை அளவுக்கு மீறி வைத்திருக்கிறார், அதனால் மற்ற தொழிலாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள், இதை நான் நேரில் கண்டு உறுதி சொல்கிறேன். கீழே அவள் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்துக்கு ஒரு கோடு. பேச்சியம்மாளை அனுப்ப ஆறு மாதமாக ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கிழடு, மெதுவாக வேலை செய்கிறாள், அடிக்கடி எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுக்கிறாள்.

"இதுல போட்டா அவங்களை என்னா செய்வீங்க?"

"அது ஆபீஸ் விஷயம். நீ உன் குடும்பத்தைப் பாரு."

"போடலேன்னா?"

காளியப்பன் இன்னொரு தாளை எடுத்தார். அதுவும் தயாராக இருந்தது. அலட்சியத்தால் வேலையிடத்தை அசுத்தப்படுத்தியது, பணிநீக்கம். அதில் அவள் பெயர். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசி. ரெண்டுல ஒண்ணு," என்றார். குரல் அப்போதும் அண்ணனுடையதாகவே இருந்தது.

கேண்டீனுக்கு வந்து உட்கார்ந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எதிரே பேச்சியம்மாள் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாஸியா, இருபத்தைந்து வயது, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எதையும் போனில் அளந்து எழுதிவைக்கிற பெண். கடைசியில் யாத்தி. ஏஜென்ட் மூலம் வந்தவள், அவள் பாஸ்போர்ட் முதலாளியின் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதனால் எந்தப் பேச்சிலும் தலையிடமாட்டாள்.

கஸ்தூரி மறைக்கவில்லை. திங்கட்கிழமை தான் சொன்னதையும், இன்று தாளில் இருந்ததையும், மேசை அறியச் சொல்லிவிட்டாள். "என் வாய்தான் அக்கா எழுதிக் குடுத்துச்சு. உங்களைத்தான் மாட்டிவிட்டேன்," என்று முடித்தாள்.

பேச்சியம்மாள் ஊசியை மூடிப் பையில் வைத்தாள். "மாட்டிவிட்டதுதான். மாட்டிவிட்டுட்டு வந்து சொல்றியே, அந்தமட்டுக்கும் சரி. நானும் உனக்கு முட்டிக்கிட்டு நின்னது தெரிஞ்சுதான் ரெண்டாவது தடவை டேக்கை எடுத்தேன். எனக்கும் அவசரம். நாம ரெண்டு பேரும் ஒரு அட்டைக்கு அடிச்சுக்கிட்டோம், அந்த ஆளு ரெண்டு தாள் அடிச்சு வெச்சிட்டான். இப்ப நீ என்னா செய்யப் போற, அதைச் சொல்லு."

"போடமாட்டேன்."

"போடலேன்னா உன்னை அனுப்புவான். அடுத்த மாசம் வேற ஒருத்தியை வெச்சு என்னை அனுப்புவான். அதுக்கு நீ போட்டுட்டே போயிடலாம்."

நாஸியா இதற்குள் எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரம், யாரும் கேட்கமாட்டார்கள். அங்கியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு போஸ்டரின் முன் நின்று ஒன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படிவரை ஒன்றுவிடாமல் செய்து, கழிப்பறைக்குப் போய், திரும்பவும் எல்லாம் மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தாள். பிறகு கேண்டீனுக்கு வந்து சொன்னாள்.

"ஒன்பது நிமிஷம் இருவது செகண்டு. அதைவிட வேகமா ஒழுங்கா செய்ய முடியாது. அஞ்சு நிமிஷத்துல வர்றதுன்னா போஸ்டரை மீறித்தான் வரணும். அப்ப இவங்க நம்மளை இத்தனை வருஷமா மீறச் சொல்லித்தானே வேலை வாங்கியிருக்காங்க?"

மேசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்ட்ரைக்கா?" என்று யாரோ மெல்லக் கேட்டாள். "நமக்கு யூனியன்கூட இல்லியே."

"ஸ்ட்ரைக் இல்ல," என்றாள் கஸ்தூரி. யோசித்து யோசித்துத்தான் வந்தது. "நாம வேலையை நிறுத்தப் போறதில்ல. நாளைக்குக் காலையில எல்லாரும் வயிறு முட்டத் தண்ணி குடிக்கிறோம், அவ்வளவுதான். எப்ப வருதோ அப்பப் போறோம். டேக்கைத் தொடுறதில்ல. போஸ்டர்ல இருக்கிற ஒன்பது படியையும் ஒண்ணுவிடாம செய்யறோம். அவங்க எழுதி வெச்சதைத்தான் செய்யறோம், அதுக்கு யாரைப் புடிப்பாங்க?"

"எழுதி வெச்சதை அப்படியே செஞ்சா இந்த ஆலை ஒரு நாள் ஓடாது," என்றாள் பேச்சியம்மாள். முதல்தடவையாகச் சிரித்தாள். "எனக்குத் தண்ணி குடிக்கச் சொல்லியா தரணும்? பத்து வருஷத் தாகம் கெடக்கு."

இதை நாஸியா மலாயில் யாத்திக்குச் சொன்னாள். யாத்தி கேட்டுக்கொண்டாள். ஆனால் தலையை அசைக்கவில்லை. அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. பூட்டிய அலமாரி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று ராத்திரி மூர்த்தியிடம் கஸ்தூரி இரண்டு தாள்களைப் பற்றியும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடிகாலை அவன் பாலத்தைத் தாண்டிய பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கையெழுத்துப் போடாதே, அந்த டிரைவரை நான் பார்த்துக்கிறேன் என்று இருந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு முதல் லாரி வந்தது. அதற்கு முன்பே கேண்டீன் குழாயடியில் பதின்மூன்று பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் குடித்தார்கள். போத்தல் போத்தலாகக் குடித்தார்கள். குடிக்கிறபோதே சிலருக்குக் கண் கலங்கியது. வேலைக்கு வந்த இடத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து எத்தனை வருஷமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. யாத்தி தூரத்தில் நின்று பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழே காலுக்கு முதல் ஆள் பேச்சியம்மாள். டேக் ஆணியிலேயே தொங்கியது. கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். ஏப்ரன். கை கழுவல். அங்கி. பூட்ஸ். லோகேஸ்வரன் ஓடிவந்தான்.

"பேச்சிம்மா, டேக்கு, டேக்கு."

"போஸ்டர்ல டேக்குன்னு ஒரு படி இருந்தா காட்டு தம்பி, செய்யறேன்."

அவள் காலை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாஸியா வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒரே கைகழுவும் தொட்டி, இரண்டே கழிப்பறை. ஒன்பது மணிக்கெல்லாம் உடை மாற்றும் அறையிலிருந்து சுத்தப் பக்கத்து நடைபாதைவரை ஒரு வரிசை நின்றுவிட்டது. போய்வந்தவள் ஒழுங்காக உடை மாற்றிக்கொண்டு போய் மூட்டையைப் பிரிப்பாள். அரைமணியில் குடித்த தண்ணீர் அவளை மறுபடியும் கூப்பிடும். மூட்டை பிரிகிற வேகம் பாதியானது, பிறகு கால்வாசியானது. சலவை யந்திரங்கள் வாயைத் திறந்து காத்திருந்தன. அந்தப் பக்கம் இஸ்திரி மெஷின் வெறும் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்வாசலில் இரண்டாவது லாரிக்குப் பின்னால் மூன்றாவது லாரி வந்து ஹாரன் அடித்தது.

பத்து மணிக்குக் காளியப்பன் வந்தார். இந்தத் தடவை அவர் அண்ணனாக வரவில்லை.

"என்னா இது கூத்து? யார் சொல்லி இதைச் செய்யறீங்க?"

"போஸ்டர் சொல்லி," என்றாள் நாஸியா.

"வாயை மூடு. கஸ்தூரி எங்கே?"

கஸ்தூரி வரிசையில் ஏழாவது ஆளாக நின்றிருந்தாள். மாஸ்க்கும் தொப்பியும் கழற்றியாகிவிட்டது, உள்ளே போடுகிற சட்டையோடும் வெறுங்காலோடும் நின்றிருந்தாள். "இங்கேதான் பாஸ்," என்றாள்.

"ஆபீசுக்கு வா."

"இங்கேயே பேசுங்க. எல்லாருக்கும் சம்பந்தப்பட்டதுதானே?"

காளியப்பன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்கன்னு வேலை குடுத்தேன். வெளியில பாரு, நாலு ஏஜென்ட் ஆள் தர்றேன்னு கதவைத் தட்டறான். நம்ம இனத்துப் பொம்பளைங்க பொழைக்கட்டுமேன்னு இருந்தேன். அதுக்கு இதான் நன்றியா?"

"எங்களை அனுப்பிட்டு வர்றவங்களுக்கு மட்டும் மூத்திரம் வராதா பாஸ்?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டாள். காளியப்பன் முகம் கறுத்தது. "மரியாதையா பேசு. பொம்பளை மாதிரி பேசு."

இங்கேதான் கஸ்தூரிக்கு இத்தனை நாள் கட்டிவைத்திருந்தது எல்லாம் அவிழ்ந்தது. ஆனால் கத்தவில்லை. "பொம்பளை மாதிரிதான் பேசறேன். நேத்து உங்கம்மாவைப் பத்திச் சொன்னீங்க. அவங்களைப் பத்தி மரியாதையாத்தான் கேக்கறேன். உங்கம்மா மரம் வெட்டுற நேரத்துல ஒதுங்கணும்னா என்னா செஞ்சிருப்பாங்க? கத்தியை மரத்துல சாத்திட்டுப் போயிருப்பாங்க. எந்தக் கங்காணியும் அவங்க கழுத்துல அட்டையை மாட்டி அஞ்சு நிமிஷம்னு அனுப்பியிருக்க மாட்டான். உங்கம்மா ஈரத்துல நின்னதை எவனாவது படம் புடிச்சு நூறு பேருக்குக் காட்டியிருந்தா, நீங்க அவனை என்னா செஞ்சிருப்பீங்க?"

காளியப்பன் லோகேஸ்வரன் பக்கம் திரும்பினார். "லோகேஸ், போனை எடு. வரிசையில நிக்கிற எல்லாத்தையும் படம் எடு. ஒருத்தி பேரும் விடக்கூடாது. குரூப்புல போடு."

லோகேஸ்வரன் போனைத் தூக்கினான். இன்னும் படிகளை முடிக்காமல் உடை மாற்றும் அறை வாசலில் மாஸ்க்கோடு நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார்கள். முகத்தை நேராகப் போனுக்குக் காட்டினார்கள்.

"நல்லா எடு தம்பி, மூஞ்சி தெரியணும்," என்றாள் பேச்சியம்மாள். "கீழே எழுது. பேச்சியம்மாள், அம்பத்தாறு வயசு, ஒண்ணுக்குப் போறா. அவ்வளவுதான் எழுதணும், வேற ஒண்ணும் இல்ல."

"சாந்தினி," என்றாள் அடுத்தவள். "நாஸியா," என்றாள் அதற்கடுத்தவள். அவரவர் பெயரை அவரவரே சொன்னார்கள். லோகேஸ்வரன் போனைக் கீழே இறக்கிவிட்டான். அவன் படம் எடுத்தானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரூப்பில் எதுவும் வரவில்லை.

காளியப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தார். "கடைசியாக் கேக்கறேன். இந்த ஆட்டத்தை நிறுத்து. கெழவி தாள்லகூட நீ போடவேணாம், உன் தாளையும் கிழிச்சிடறேன். நீ மட்டும் உள்ள போய் வேலையைப் பாரு, மத்தவங்க தானா வருவாங்க. இல்லேன்னா பன்னெண்டு மணிக்கு நீ வீட்டுக்கு."

அவளுக்கு வேண்டியதுதான் அது. அவள் வேலை போகாது, பேச்சியம்மாள் பெயரில் அவள் கை படாது. திங்கட்கிழமை யாராவது இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். கடைசிப் பிள்ளையின் பள்ளி பஸ், வீட்டு வாடகை, மூர்த்தியின் தேய்ந்துபோன டயர் எல்லாம் ஒரு நொடி அவள் மனதில் வந்து நின்றது உண்மைதான். பயமாகத்தான் இருந்தது.

"ரெண்டு தாளும் கிழியணும்," என்றாள். "டேக்கும் போகணும். பலகையில பேரு எழுதுறதும் போகணும். அழுக்குப் பக்கத்துலயே எங்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரணும். அதுவரைக்கும் நான் வீட்டுக்கும் போகமாட்டேன், தனியா உள்ளயும் போகமாட்டேன். எனக்கு முன்னால ஆறு பேர் நிக்கிறாங்க பாஸ். என் முறை வந்தா போவேன், போயிட்டு வந்து மூட்டையைப் பிரிப்பேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழி விடணும்."

காளியப்பன் நகரவில்லை. பேச்சியம்மாள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

அப்போது உடை மாற்றும் அறையின் கதவு திறந்தது. யாத்தி வந்தாள். காலையிலிருந்து அழுக்குப் பக்கத்தில் நின்ற இடத்தைவிட்டு நகராதவள் அவள். முதலாளி நிற்பதைப் பார்த்தாள், அவர் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தாள். ஒருகணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரக்காலோடு நடந்துவந்து வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டாள்.

"காக்," என்று அவள் கஸ்தூரியைக் கூப்பிட்டாள். "சாயா ஜுகா." அக்கா, நானும்தான்.

கஸ்தூரி திரும்பி வரிசையை எண்ணினாள். முன்னால் போன பேச்சியம்மாளையும் சேர்த்துப் பதினான்கு பேரும் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், பின்வாசலில், மூன்றாவது லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, மூட்டையை இறக்க அங்கே ஒருத்தரும் இல்லை.